சிட்டுக்கு உப்பில்லா வடகம்

கொல்லைக்கு வரும் பறவைகளுக்குச் சிறுவர் தம் கையால் தின்பண்டம் ஆக்கப் புகுந்தால், முதலில் ஒதுக்கிவைக்க வேண்டியது தம் நாவின் சுவையை. ஊர்க்குருவி ஒன்றின் எடை ஏறத்தாழ 25 கிராம். அச்சிற்றுடலுக்கு உப்பு பெருஞ்சுமை. கடற்பறவைகளுக்குக் கண்ணுக்கு மேலே, மிகுந்த உப்பைப் பிரித்து வடித்துவிடும் சுரப்பிகள் உண்டு. அதனால் அவை கடல்நீரையே பருகி வாழ்கின்றன. குருவிக்கு அத்தகைய சுரப்பி வாய்க்கவில்லை. உட்கொண்ட உப்பு முழுவதையும் சிறுநீரகமே வெளியேற்றியாக வேண்டும். கோடையில் அதற்குரிய நீரும் எளிதில் கிட்டாது. மிக்சரும் முறுக்கும் எத்துணை அன்போடு நீட்டப்பட்டாலும் பறவைக்குத் தீங்கே.

குளிர்நாடுகளில் மாட்டுக்கொழுப்பை உருக்கி, விதைகள் கலந்து, உறையவைத்துத் தொங்கவிடுவர். பனியிரவில் உடற்சூட்டைக் காக்க அக்கொழுப்பு பறவைக்குத் துணைசெய்யும். நம் சித்திரை வெயிலிலோ அது உருகி வழிந்து இறகுகளை ஒட்டவைக்கும். விரைவில் காறியும் போகும். நமக்கேற்றது வடகம் போடும் முறைதான். கேழ்வரகு மாவை உப்பிடாமல் கெட்டிக் களியாகக் கிண்டி, சூடு தணிந்ததும் தினையும் கம்பும் குதிரைவாலியும் அள்ளிக் கொட்டிப் பிசைந்து, கொட்டாங்கச்சியின் உட்புறத்தில் மெல்லிய படலமாக அழுத்தி, மொட்டைமாடியில் உலர்த்த வேண்டும். அடுப்பருகே நின்று கிண்டுவது பெரியவர் வேலை. மற்றவற்றைச் சிறுவரிடமே விட்டுவிடலாம். விரல் நகத்தால் கீறினால் பொடியாக உதிருமளவு காய்ந்திருக்க வேண்டும். உள்ளே ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும்.

பூஞ்சையை எளிதாக எண்ணிவிடலாகாது. 1960-இல் இங்கிலாந்தில் நூறாயிரம் வான்கோழிகள் அடுத்தடுத்து மாண்டன. நோய் இன்னதென்று அறியாமல் முதலில் திகைத்தார்கள். பின்னர் தீவனத்தில் கலந்திருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்தபோது, அதில் வளர்ந்த பூஞ்சை சுரந்த நஞ்சு வெளிப்பட்டது. அஃப்ளடாக்சின் என இன்று நாம் அறிந்த, கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு அது. வறுத்தாலும் முற்றும் அழியாது. வீட்டில் பழுதான கடலையைக் குருவிக்குப் போடலாம் என்று எண்ணுவோர் இதை நினைவிற் கொள்ள வேண்டும். நாம் தின்னத் துணியாத கடலை பறவைக்கும் ஆகாது.

மிளகாயின் கதையோ முற்றிலும் வேறு. பழுத்த மிளகாயைக் கிளி நிறைவோடு கொறிப்பதை நம் சிறுவர் பலர் கண்டிருப்பர். அதற்கு ஏன் உறைக்கவில்லை? மிளகாயின் உறைப்பு காப்சைசின் என்னும் பொருளால் விளைவது. நம் நரம்பு முனைகளில் கொடுஞ்சூட்டை உணர்த்தும் புரதம் ஒன்று உள்ளது. காப்சைசின் அதனோடு பிணைந்து, சூடு இல்லாதபோதும் சுடுவதாக மூளைக்கு உணர்த்துகிறது. பறவைக்கும் அப்புரதம் உண்டு. அது வெப்பத்தை உணரும், ஆனால் காப்சைசினுக்கு மசியாது. இதனைக் கோழியின் புரதத்தைக் கொண்டு 2002-இல் விளக்கியவர்கள் ஸ்வென்-எரிக் யோர்ட்டும் டேவிட் ஜூலியசும். உறைப்பை உணரும் இப்புரதத்தைக் கண்டறிந்தமைக்காகவே ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசு பெற்றார்.

செடிக்கு இதனால் என்ன ஆதாயம்? அரிசோனாவின் காட்டு மிளகாயை ஆராய்ந்து 2001-இல் வெளிவந்த ஆய்வு அதற்கு விடை தருகிறது. எலியினங்களின் வயிற்றைக் கடந்த மிளகாய் விதை முளைக்கவில்லை. பறவையின் வயிற்றைக் கடந்தது பழுதின்றி முளைத்தது. தன் விதையைக் கடித்து நொறுக்குவோரைக் காரத்தால் விரட்டி, சுமந்து சென்று விதைப்போரை மட்டும் விருந்துக்கு அழைக்கிறது அச்செடி. அணில் வாராதிருக்கப் பறவைத் தீனியில் மிளகாய்த்தூள் தூவும் வழக்கம் இவ்வறிவிலிருந்து பிறந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. காற்றில் பறக்கும் தூள் குழந்தையின் கண்ணையும் அணிலின் கண்ணையும் ஒருங்கே வருத்தும். அணிலுக்கும் கொல்லையில் பங்குண்டு. தொட்டியில் ஒரு மிளகாய்ச்செடி வளர்த்தால் போதும். பழம் தேடும் பறவை தானே வரும்.

கொட்டாங்கச்சியோடு ஒரு பிடி நெற்கதிரையும் கட்டித் தொங்கவிடுதல் நன்று. தைத்திங்களில் அறுத்த கதிரைத் தாளோடு முடிந்து முற்றத்தில் தொங்கவிடுவது உழவர் வீடுகளின் பழைய வழக்கம். மறுநாள் அதனடியில் கிடப்பதைச் சிறுவர் வெள்ளைத் தாளில் அள்ளிப் பார்க்கட்டும். அத்தனையும் வெற்று உமி. குருவி நெல்மணியை அலகோரத்தில் இடுக்கி, நாவால் உருட்டி, உமியைப் பிளந்து உதிர்த்துவிட்டு அரிசியை மட்டும் விழுங்குகிறது. விதையை இறுகப் பற்றுவதற்கென்றே அதன் நாவில் தனியொரு சிற்றெலும்பு அமைந்துள்ளது. அதே முற்றத்தில் மேயும் மணிப்புறா உமி நீக்குவதில்லை. மணியை முழுதாக விழுங்கும். பல்லில்லாத பறவைக்கு அரைக்கும் வேலையை வயிற்றின் தடித்த தசைப்பை செய்கிறது. பொறுக்கித் தின்ற மணற்பரல்கள் அங்கே அரைகற்களாகின்றன.

தீனி ஒரு நாளில் தீருமளவே இருக்கட்டும். ஓரிடத்தில் பல பறவைகள் நெருங்கினால் நோயும் நெருங்கும். பிரித்தானியாவில் 2005 முதல் கிரீன்ஃபிஞ்ச் என்னும் சிறுபறவைகளைப் பெருமளவில் மாய்த்த தொண்டைநோய், தீனித்தட்டுகளின் வழியாகவும் பரவியது. புறாக்களிடம் நெடுங்காலமாக உள்ள நோய்தான் அது. கொட்டாங்கச்சியை அவ்வப்போது வெந்நீரில் கழுவிக் காயவைப்பதும், நீர்க்கிண்ணத்தை நாள்தோறும் தேய்த்து நிரப்புவதும் சிறுவர் கையில் ஒப்படைக்கத்தக்க பணிகள்.

இத்தனை செய்தும், கூட்டிலுள்ள குஞ்சுக்கு நம் தின்பண்டம் பயன்படாது. தானியம் உண்ணும் குருவியும் தன் குஞ்சுக்கு முதல் நாள்களில் பெரும்பாலும் பூச்சியையே ஊட்டுகிறது. விரைந்து வளரும் உடலுக்கு வேண்டிய புரதம் தினையிலும் கம்பிலும் போதாது. ஆதலால், அவரைப் பந்தலில் அசுவினி மொய்க்கும்போது பூச்சிமருந்தை எடுக்காதீர்கள். பந்தலைச் சில நாள் அப்படியே விட்டுவைத்து, தாயும் தந்தையும் அலகில் எதை ஏந்திக் கூட்டுக்குப் போகின்றன என்று சிறுவரை ஒரு குறிப்பேட்டில் எழுதிவரச் சொல்லுங்கள்.