கணுவுக்குள் சேர வேண்டிய எண்ணெய்

திருநின்றவூர் ரயில் நிலையத்தை ஒட்டிச் செல்லும் திருவள்ளூர் நெடுஞ்சாலையில், பொழுது விடியும் முன்பே, அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் முதல் ஷிப்டுக்கும் ஆவடி தொழிற்சாலைகளின் வேலைக்கும் விரையும் மோட்டார் சைக்கிள்களின் பிரவாகம் தொடங்கிவிடுகிறது. அந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றின் எஞ்சின் சக்தி முழுவதும் பின் சக்கரத்தைச் சென்று சேர்வது, சுண்டுவிரல் பருமனுக்கு மேற்படாத ஓர் எஃகுச் சங்கிலியின் வழியாகத்தான் என்பதை, அவற்றை ஓட்டிச் செல்பவர்களே அநேகமாக நினைத்துப் பார்ப்பதில்லை. பெட்ரோலின் விலையையும் டயரின் தேய்மானத்தையும் கணக்கு வைக்கிற நாம், ‘கடகட’ என்று சப்தம் கேட்டாலன்றிச் செயினைக் குனிந்து பார்ப்பதில்லை. அவ்வாறு பார்த்தாலும், எண்ணெயைத் தடவ வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேண்டாத இடத்தில் தடவுகிறோம்.

இந்தச் சாலைக்கும் சங்கிலிக்கும் சம்பந்தம் புதியதன்று. 1949-ஆம் ஆண்டில் முருகப்பா குடும்பத்தார் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து தொடங்கிய சைக்கிள் தொழில் அம்பத்தூரில் வேரூன்றியது. அதன் தொடர்ச்சியாக, 1960-இல், அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரத்து டயமண்ட் செயின் கம்பெனியின் ஒத்துழைப்போடு, டி.ஐ. டயமண்ட் செயின் நிறுவனம் பிறந்தது. அந்த அமெரிக்கக் கம்பெனி சாமானியமானதன்று. 1903-ஆம் ஆண்டு டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்கள் கிட்டி ஹாக் மணல்வெளியில் பறக்கவிட்ட விமானத்தில், ஏறத்தாழ 12 குதிரைச் சக்தி கொண்ட ஒற்றை எஞ்சினிலிருந்து இரண்டு காற்றாடிகளுக்கும் சுழற்சியைக் கொண்டுசென்றவை அது செய்த சங்கிலிகளே. இரண்டு காற்றாடிகளும் எதிரெதிர்த் திசையில் சுழல வேண்டும் என்பதற்காக, சைக்கிள் கடைக்காரர்களான அந்தச் சகோதரர்கள் ஒரு சங்கிலியை நடுவே குறுக்காகத் திருப்பிப் பூட்டினார்கள். மானிடன் முதன்முதலில் எஞ்சின் விசையால் விமானத்தில் எழுந்ததற்கும், அம்பத்தூர் ஆலையொன்றில் சங்கிலி செய்யத் தொடங்கியதற்கும் இவ்வாறு நேரடியான வமிச உறவு ஒன்று இருப்பதை எண்ணும்போது எனக்குப் பெருமிதமே உண்டாகிறது.

சைக்கிள் சங்கிலியில் அடுத்தடுத்த இரண்டு கணுக்களுக்கு இடையே உள்ள தூரம் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். நம்மூர்ச் சாலைகளில் மிகுதியாக ஓடும் 100 சி.சி. வண்டிகளின் செயினிலும் அதே அரை அங்குலம்தான். அந்தச் செயினின் தகட்டில் பொறித்திருக்கும் 428 என்ற எண்ணின் முதல் இலக்கமான 4, ஓர் அங்குலத்தை எட்டாகப் பகுத்ததில் நான்கு பங்கு என்பதையே குறிக்கிறது. 5 என்று தொடங்கும் எண் இருந்தால் எட்டில் ஐந்து பங்கு. நீளத்தில் சைக்கிளின் அளவே என்றாலும், அகலத்திலும் தகட்டின் கனத்திலும் மோட்டார் சைக்கிளின் சங்கிலி மிக உறுதியானது.

அதன் உட்கட்டமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் மற்றவை விளங்கும். சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டர் பகுதியில் குடியேறிய ஹான்ஸ் ரெனால்ட் என்பவர் 1880-இல் காப்புரிமை பெற்ற அமைப்பே இன்றளவும் மாறாமல் இருக்கிறது. ஒவ்வொரு கணுவிலும் மூன்று பொருள்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கியுள்ளன: வெளித்தகடுகள் இரண்டையும் இணைக்கும் பின், அதன்மேல் உறையாக அமைந்து உள்தகடுகளில் இறுக்கப்பட்ட புஷ், அந்தப் புஷ்ஷின்மேல் தாராளமாக உருளும் ரோலர். ரெனால்டுக்கு முந்திய சங்கிலிகளில் தகடுகள் நேராகப் பின்னின்மேல் உராய்ந்ததால், தகட்டின் மெல்லிய விளிம்பே பாரம் முழுவதையும் தாங்கி விரைவில் தேய்ந்தது. அவரோ ஒரு குழாயை நடுவே புகுத்தி, அந்தப் பாரத்தைப் பின்னின் நீளம் முழுவதற்கும் பகிர்ந்தளித்தார். பல்சக்கரத்தின் பல்லோடு மோதுவது ரோலர். உண்மையான தேய்மானம் நடப்பதோ, கண்ணுக்குத் தெரியாமல், பின்னுக்கும் புஷ்ஷுக்கும் இடையே உள்ள அந்த இருட்டறையில்.

அங்கே நடக்கும் உழைப்பை ஒரு கணக்கால் உணரலாம். முன்னே 14 பல்லும் பின்னே 42 பல்லும், 112 கண்ணிகள் கொண்ட சங்கிலியும், ஏறத்தாழ 1.9 மீட்டர் சுற்றளவுள்ள சக்கரமும் உடைய ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். அது ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் சங்கிலி சுமார் 200 முறை முழுச்சுற்றுச் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கணுவும், பல்சக்கரத்தில் ஏறும்போது மடங்கி, இறங்கும்போது நிமிர்ந்து, இரண்டு சக்கரங்களிலுமாக நான்கு முறை அசைகிறது. ஆக, கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 800 அசைவுகள். திருநின்றவூரிலிருந்து அம்பத்தூர் வரையிலான 15 கிலோமீட்டர் பிரயாணத்தில் மட்டும் 12,000 அசைவுகள். முன்பல்சக்கரத்தில் ஒவ்வொரு மடக்கமும் சுமார் 26 பாகை, பின்பல்சக்கரத்தில் 9 பாகைக்கும் குறைவு. முதல் கியரில் வண்டியைக் கிளப்பும் தருணத்தில், மேற்புறச் சங்கிலியின்மேல் நூற்றுக்கணக்கான கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமமான இழுவிசை விழுகிறது என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

‘செயின் நீண்டுவிட்டது’ என்று பட்டறைகளில் சகஜமாகச் சொல்கிறார்கள். ரப்பரைப்போலத் தகடுகள் இழுபட்டு நீள்வதாக அதைக் கேட்பவர் எண்ணிக்கொள்வது இயல்பே. தகடுகள் ஒருபோதும் அவ்வாறு நீள்வதில்லை. ஒவ்வொரு கணுவிலும் பின் சிறிது தேய்கிறது, புஷ் சிறிது தேய்கிறது. இரண்டும் சேர்ந்து கால் மில்லிமீட்டர் தேய்ந்தாலே, 112 கணுக்களில் அது 28 மில்லிமீட்டராகத் திரண்டு, சங்கிலியின் மொத்த நீளத்தில் இரண்டு சதவீதமாகிவிடுகிறது. அந்த நிலையில் சங்கிலியின் கணு இடைவெளியும் பல்சக்கரத்தின் பல் இடைவெளியும் ஒவ்வாமற்போய், ரோலர் பல்லின் பள்ளத்தில் அமராமல் சரிவில் ஏறி நிற்கிறது. பாரத்தைப் பல பற்கள் பகிர்ந்துகொள்வதற்குப் பதிலாக ஓரிரு பற்களே சுமக்க நேர்ந்து, அவை கொக்கிபோல வளைந்து தேய்கின்றன.

இந்தத் தேய்மானத்தை எண்ணெய் எவ்வாறு தடுக்கிறது என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வேகமாக ஒரே திசையில் சுழலும் தண்டு, தன்னைச் சுற்றியுள்ள எண்ணெயைத் தானே இழுத்து, ஆப்புப் போன்ற ஒரு திரவப் படலத்தைத் தனக்கடியில் உண்டாக்கிக்கொண்டு அதன்மேல் மிதக்கிறது. இதைக் கணித ரீதியாக 1886-இல் நிரூபித்தவர், ரெனால்டு தொழில் நடத்திய அதே மான்செஸ்டர் நகரில் பேராசிரியராக இருந்த ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ். சங்கிலியின் கணுவுக்கோ அந்தப் பாக்கியம் இல்லை. அது முழுதாகச் சுழல்வதில்லை. சிறிது திரும்பி, நின்று, மறுபடி திரும்புகிறது. நிற்கும் ஒவ்வொரு கணமும் திரவப் படலம் நசுங்கி வெளியேறிவிட, எஃகும் எஃகும் நேருக்குநேர் சந்திக்கும் நிலை ஏற்படுகிறது. அப்போது காப்பாற்றுவது, உலோகப் பரப்பிலேயே ஒட்டிக்கொண்டு, சில மூலக்கூறுகளின் கனமே உடைய மிக மெல்லிய ஒரு போர்வை. 1920-களில் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்டி இத்தகைய எல்லை உயவை ஆராய்ந்து, கொழுப்பு அமிலங்களின் மூலக்கூறுகள் ஒரு முனையால் உலோகத்தைப் பற்றிக்கொண்டு மறுமுனையை வெளியே நீட்டி அணிவகுத்து நிற்பதே அதன் காரணம் என விளக்கினார். மாட்டுவண்டியின் அச்சுக்கு விளக்கெண்ணெய் இட்டுவந்த நம் முன்னோர் அனுபவத்தால் கண்டதும் இதுவே. வண்டிச் சக்கரமும் நின்று நிதானமாய்ச் சுழல்வதுதானே.

ஆகவே, எண்ணெய் நிறையத் தேவை என்பதைவிட, அது கொஞ்சமேனும் கணுவுக்குள் போய்ச் சேர வேண்டும் என்பதே விஷயம். மனத்துக்குள்ளேயே ஆலயம் எழுப்பிய பூசலார் நாயனாரின் ஊரான திருநின்றவூரில் நின்றுகொண்டு, புறத்தைவிட அகமே முக்கியம் என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் ஏதுமில்லை.

வழக்கத்தில் நடப்பதைப் பாருங்கள். சாலையோரத்துப் பட்டறையில், எஞ்சினிலிருந்து வடித்த கறுத்த ஆயில் நிரம்பிய ஒரு டப்பாவும், மயிர் உதிர்ந்த பழைய பெயின்ட் பிரஷ்ஷும் எப்போதும் தயாராக இருக்கும். அந்த ஆயிலை, அழுக்கோடு கிடக்கும் சங்கிலியின்மேல் அப்படியே பூசிவிடுவார்கள். ஈரமாய்ப் பளபளக்கும் சங்கிலியைக் கண்டு உரிமையாளர் திருப்தியோடு புறப்படுவார். கழிவு ஆயிலில் கரித்தூளும், எஞ்சின் தேய்ந்த உலோகப் பொடியும், எரிபொருள் எரிந்ததில் உண்டான அமிலங்களும் இருக்கின்றன. தோலுக்கும் அது கேடு. அந்தப் பூச்சின்மேல் எம்-சாண்ட் லாரிகள் சிந்திச் செல்லும் துகளும், புழுதியும் ஒட்டிக்கொள்கின்றன. சில வாரங்கள் ஓடிய பிறகு அந்தக் கறுப்புக் களிம்பை இரண்டு விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்தால் நறநறவென்று உறுத்தும்; அந்த உறுத்தல் மணலில் உள்ள குவார்ட்ஸ் துகள்களால் வருவது. கடினமாக்கப்பட்ட எஃகையும் கீறவல்ல அத்துகள்களை எண்ணெயில் குழைத்தால் கிடைப்பது, பட்டறைகளில் வால்வு அரைக்கப் பயன்படுத்தும் பசைக்கு ஒப்பான ஒரு பொருளே. அதைக் காசு கொடுத்துப் பூசிக்கொள்வது எவ்வளவு பெரிய அநியாயம்!

எண்ணெய் இடுவதற்கு முன் சுத்தம் செய்ய வேண்டும் என்பதை இதிலிருந்தே கிரகித்துக்கொள்ளலாம். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, எஞ்சினை அணைத்துவிட்டு, பின்சக்கரத்தைக் கையால் சுழற்றியபடியே வேலை செய்வதே முறை. எஞ்சினை ஓடவிட்டுக் கியர் போட்டுத் துடைப்பது எளிது என்று எண்ணித் துணியோடு விரலையும் பல்சக்கரத்துக்குக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். இந்த ஓர் எச்சரிக்கையை எத்தனை முறை சொன்னாலும் தகும். அழுக்கைக் கரைக்க மண்ணெண்ணெய் போதும். நைலான் பிரஷ்ஷால் தகடுகளின் இடுக்குகளைத் தேய்த்துவிட்டு, உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். பெட்ரோல் தீப்பிடிக்கும் அபாயமுடையது. தவிரவும், பெரிய வண்டிகளின் சங்கிலிகளில் உள்தகட்டுக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவே கிரீஸை அடைத்துக் காக்கும் ரப்பர் வளையங்கள் உண்டு, அவற்றைப் பெட்ரோல் கெடுக்கும். கம்பி பிரஷ்ஷும், வாட்டர் சர்வீஸின் பீய்ச்சலும் அந்த வளையங்களுக்கு ஆகாதவை. 100 சி.சி. வண்டிகளில் செயினை முழுதும் மூடியிருக்கும் கவரின் அடியில் ஒரு சிறு ரப்பர் மூடி இருக்கும். அது தளர்வைப் பார்ப்பதற்கான துவாரம். அதன் வழியாகவே குருட்டுத்தனமாக ஆயிலை ஊற்றித் திருப்தியடைகிறவர்கள், நாலைந்து போல்ட்டுகளைக் கழற்றிக் கவரை ஒருமுறை நீக்கிப் பார்த்தால், உள்ளே சேர்ந்திருக்கும் சேற்றைக் கண்டு திகைத்துப்போவார்கள்.

எண்ணெய் இடும் இடத்தைச் சற்று விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். சங்கிலியின் நடுவே, ரோலரின்மேல் ஊற்றுவதால் ரோலருக்கு மட்டுமே நன்மை. பின்னை அடைவதற்கு உள்ள ஒரே வாசல், உள்தகடும் வெளித்தகடும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் அந்த மயிரிழை இடைவெளிதான். ஆகையால் கீழ்ப்புறம் ஓடும் சங்கிலியின் உட்பக்கத்தில், இடது தகடுகளின் விளிம்பில் ஒரு வரிசையாகவும் வலது தகடுகளின் விளிம்பில் ஒரு வரிசையாகவும், சொட்டுச்சொட்டாக விட்டுச் சக்கரத்தைச் சுழற்ற வேண்டும்; பல்சக்கரத்தைச் சுற்றி வரும்போது உண்டாகும் விலகு விசை எண்ணெயை உள்ளிருந்து வெளிநோக்கிச் செலுத்தும். 90-ஆம் எண் கியர் ஆயிலைப் பல வண்டிகளின் கையேடுகள் சிபாரிசு செய்கின்றன. டப்பாவில் வரும் ஸ்பிரேயில், எண்ணெயைச் சுமந்துசென்று உள்ளே விட்டுவிட்டுத் தான் ஆவியாகிவிடும் கரைப்பான் ஒன்று கலந்திருக்கிறது. இரண்டில் எதுவாயினும், வேலை முடிந்து வீடு திரும்பிய சூட்டோடு இடுவது உத்தமம். வெதுவெதுப்பான உலோகத்தில் எண்ணெய் இளகி உள்ளே இறங்கும். இரவு முழுவதும் நின்றால் கரைப்பானும் ஆவியாகும். காலையில் புறப்படும் அவசரத்தில் அடித்த ஸ்பிரே, பட்டாபிராமைத் தாண்டுவதற்குள் பின்சக்கர ரிம்மிலும் மட்கார்டிலும் தெறித்து வீணாகிவிடும். சிறிது நேரம் ஊறவிட்டு, வெளியே மிஞ்சியதைத் துடைத்தெடுப்பதையும் மறக்கலாகாது. வெளியே தங்கும் எண்ணெயால் புழுதியைச் சேர்ப்பதைத் தவிர வேறு பிரயோசனம் குறைவு.

சுமார் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பது பொதுவான கணக்கு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அந்தக் கணக்கு செல்லாது. ஏரி நிரம்பித் தெருவில் நீர் ஓடும் நாட்களில் சக்கரம் பாதி மூழ்கச் சென்ற வண்டியின் சங்கிலியை, அன்றைக்கே உலர்த்தி எண்ணெய் இட வேண்டும். இரண்டு நாள் தாமதித்தால், தகடுகளின் ஓரத்தில் கணுவைச் சுற்றிச் செங்கல் நிறத்தில் ஒரு பொடி படிந்திருப்பதைக் காணலாம். உள்ளே எண்ணெய் வற்றி, பின்னும் புஷ்ஷும் துருப்பொடியாகத் தேய்ந்து வெளியேறுகின்றன என்பதற்கு அதுவே பிரத்தியட்ச சாட்சி. அவ்வாறு துருவேறிய சில கண்ணிகள் மடங்கிய நிலையிலேயே இறுகிவிடுவதும் உண்டு.

தளர்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. சத்தம் வருகிறதே என்று செயினை வீணைத் தந்திபோல முறுக்கிவிடுவது பெருந்தவறு. பள்ளத்தில் விழுந்து எழும்போது பின்சக்கரத்தைத் தாங்கும் கை மேலும் கீழும் அசைய, இரண்டு பல்சக்கரங்களுக்கும் இடையே உள்ள தூரம் சிறிது மாறுகிறது. அந்த மாற்றத்துக்கு இடம்கொடுக்கவே கீழ்ப்புறத்தின் நடுவில் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை ஆட்டம் விட்டிருக்கிறார்கள். முறுக்கினால் கியர்பாக்ஸின் பேரிங்கே பலியாகும்.

சங்கிலியை எப்போது மாற்றுவது என்பதை அறிய, பின்பல்சக்கரத்தின் பின்கோடியில் அதை விரலால் பிடித்து இழுத்து, பல்லில் பாதி வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. புதுச் சங்கிலியைத் தேய்ந்த பற்களின்மேல் பூட்டினால் அதுவும் சீக்கிரமே கெடும் என்பதால், முன்னும் பின்னுமான பல்சக்கரங்களோடு செட்டாகவே மாற்ற வேண்டும். மாற்றியபின் லாக் என்று சொல்லப்படும் அந்தச் சிறு கிளிப்பைக் கண்ணருகே வைத்துச் சரிபார்க்க வேண்டும்: அதன் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்கியும், பிளவுபட்ட முனை பின்னோக்கியும் இருப்பதே சரி. மாற்றிப் போட்டால், எதிலேனும் பட்டுக் கழன்று, ஓடும் வண்டியில் சங்கிலி அறுந்து விழும்.