நீங்க யாரு மகன்?

கட்டற்ற கரிசல் – 9

சென்ற வாரக் கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு கல்லூரி மாணவர் கேட்டார்: “கோவில்பட்டியில உக்காந்துகிட்டே உலகத்துக்கு நிரல் எழுதலாம்னு சொல்றீங்க அண்ணாச்சி. அப்புறம் நீங்க எதுக்குப் பையைத் தூக்கிட்டு விழுப்புரத்துக்கும் கொச்சிக்கும் ரயில் ஏறுறீங்க?”

நியாயமான கேள்விதான். ஒரு திருத்தத்தை எழுதி அனுப்பக் கணினியும் இணைய இணைப்பும் போதும். அனுப்பியவர் எந்த ஊர், என்ன சாதி, என்ன படிப்பு என்று யாரும் விசாரிப்பதில்லை. கட்டற்ற மென்பொருள் உலகத்தின் பெருமையே அதுதான். அந்தப் பெருமைக்குள்ளேயே ஒரு பள்ளமும் இருப்பது 2024 மார்ச் கடைசியில் தெரியவந்தது.

ஆன்ட்ரெஸ் ஃப்ராயின்ட் என்பவர் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உருவாக்குபவர்களில் ஒருவர்; மைக்ரோசாஃப்ட்டில் பொறியாளர். வேறொரு சோதனைக்காகக் கணினியைக் குடைந்துகொண்டிருந்தபோது, தொலைவிலிருந்து உள்நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அரை நொடிதானே என்று விடாமல் தோண்டியவர் மார்ச் 29 அன்று உலகத்துக்கு அறிவித்தார்: எக்ஸ்ஸெட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ கள்ளவாசல் வைத்திருக்கிறார்கள். அது பரவியிருந்தால் எண்ணற்ற லினக்ஸ் சர்வர்களுக்குள் ஓசையின்றி நுழைந்திருக்கலாம்.

வைத்தவர் ‘ஜியா டான்’ என்ற பெயரில் வந்தவர். எடுத்த எடுப்பில் கெடுதல் செய்யவில்லை. இரண்டு வருடத்துக்கு மேல் ஒழுங்கான திருத்தங்களாக அனுப்பினார். அந்த மென்பொருளைப் பல ஆண்டுகளாக ஒற்றை ஆளாகச் சம்பளமின்றிப் பராமரித்துக் களைத்திருந்தவர் லாஸ்ஸே கொலின். ஒத்தாசைக்கு ஆள் கிடைத்ததே என்று பொறுப்பைப் பகிர்ந்துகொண்டார். ஜியா டான் ஒருவரா, ஒரு கூட்டமா என்பதுகூட வெளிவரவில்லை. அவரை நேரில் கண்டதாகச் சொல்ல ஓர் ஆள் இல்லை.

நம் பக்கத்துக் கிராமத்தில் புது ஆள் ஒருவர் பஸ்ஸை விட்டு இறங்கினால், டீக்கடை பெஞ்சிலிருந்து முதலில் வரும் கேள்வி, “நீங்க யாரு மகன்?” என்பதுதான். அவர் சொல்லும் பெயரை அங்கே ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். “நம்ம இன்னாருக்கு வேண்டியவரு” என்று ஒரு வாய் சொல்லிவிட்டால் ஊர் ஏற்றுக்கொள்ளும்.

ஏறக்குறைய இதே முறையை எழுதப்பட்ட விதியாகவே வைத்திருக்கிறது டெபியன். 1993-ல் இயன் மர்டாக் தொடங்கிய லினக்ஸ் இயங்குதளத் திட்டம் அது. உபுண்டு அதன்மேல் கட்டப்பட்டதுதான். முதலாளி கிடையாது, உலகெங்கும் சுமார் ஆயிரம் உறுப்பினர்கள் தன்னார்வமாக நடத்துகிறார்கள். அவர்களில் ஒருவராக வேண்டுமானால், இணையத்தில் உங்கள் அடையாளமாக நீங்கள் உருவாக்கி வைத்திருக்கும் டிஜிட்டல் சாவியில் ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர்கள் கையொப்பம் இட்டிருக்க வேண்டும். நேரில் பார்த்துச் சரிபார்த்த பிறகு இடுவதே மரபு.

அது நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். ஒவ்வொரு சாவிக்கும் ஒரு ‘கைரேகை’ உண்டு. 40 எழுத்துகளும் எண்களும், நான்கு நான்காகப் பத்துக் கொத்து. அதைத் துண்டுச் சீட்டுகளில் அச்சடித்துக் கொண்டுபோக வேண்டும். கூட்ட இடைவேளையில் இரண்டு பேர் எதிரெதிரே நிற்பார்கள். அவர் பாஸ்போர்ட்டை நீட்டுவார், இவர் ஆதாரை நீட்டுவார். படத்தையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். தாடி வளர்த்திருந்தால் கொஞ்சம் கூடுதல் நேரம். “இந்தக் கைரேகை உங்களுதுதானா?” என்று கேட்டு, சீட்டில் ஒரு டிக் அடித்துப் பையில் வைத்துக்கொள்வார்கள். அந்த இடத்திலேயே எதையும் கையெழுத்திடுவதில்லை. வீட்டுக்குப் போய், தங்கள் சொந்தக் கணினியில் கையொப்பமிட்டு, அதைப் பூட்டிய மின்னஞ்சலாக அனுப்புவார்கள். சாவி உண்மையில் உங்களுடையதாக இருந்தால்தான் அந்த மடலைத் திறக்கவே முடியும். மின்னஞ்சல் முகவரியும் இப்படிச் சரிபார்க்கப்பட்டுவிடும்.

ஆதார் அட்டை பெயரைச் சொல்லும், குணத்தைச் சொல்லாது. ஜியா டானும் ஒரு போலி பாஸ்போர்ட்டோடு வந்து நின்றிருக்கலாம். ஆகவே அடையாளம் பார்ப்பது மட்டும்தான் பயணத்தின் பலன் என்றால் நான் ரயில் ஏறமாட்டேன். சீட்டைப் பையில் வைத்த பிறகு, அந்த இரண்டு பேரும் சாப்பாட்டு வரிசையில் சேர்ந்து நிற்கிறார்களே, விஷயம் அங்கேதான் இருக்கிறது.

டெபியனின் உலக மாநாடான டெப்கான்ஃப் முதல்முறையாக இந்தியாவுக்கு வந்தது 2023 செப்டம்பரில். கொச்சி இன்ஃபோபார்க்கில் 10 முதல் 17 வரை. நமக்குத் திருநெல்வேலி போய்ப் பாலருவி எக்ஸ்பிரஸைப் பிடித்தால் செங்கோட்டை, புனலூர் மலைப்பாதை வழியே போய்விடலாம். அதே மாநாடு ஐரோப்பாவில் நடந்தால் விசா, விமான டிக்கெட் என்று கதையே வேறு. அந்த மாநாட்டில் ஒரு வழக்கம்: ஒரு ராத்திரி எல்லோரும் தத்தம் ஊர்ச் சாப்பாட்டுப் பொருளை ஒரு பெரிய மேஜையில் கொண்டுவந்து வைப்பார்கள். ஐரோப்பியர்களின் பாலாடைக்கட்டிகளுக்கு நடுவே கோவில்பட்டிக் கடலை மிட்டாயை வைத்தேன். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. மேஜையிலும் சீக்கிரம் தீர்ந்தது.

மிட்டாய் தின்றபடி எதிரே உட்கார்ந்த, திருத்தங்களுக்கு ஒப்புதல் தரும் பொறுப்பில் இருந்த வங்காளி நண்பரோடு எனக்கு ஒரு பழைய வழக்கு இருந்தது. தமிழ்ச் சொற்களை அகரவரிசைப்படுத்துவது பற்றி. யுனிகோடு அட்டவணையில் ‘ற’ முன்னாலும் ‘ல’ பின்னாலும் இருப்பதால், கணினி தன் போக்கில் அடுக்கினால் ‘வறட்சி’ முதலில் வரும், ‘வலை’ பிறகு வரும். நம் அகராதியில் தலைகீழ். புள்ளி வைத்த எழுத்துகளிலும் இதே குளறுபடி. இதைத் திருத்தச் சொல்லி நான் எழுதுவேன், “இது உங்கள் விருப்பமா, எல்லோரும் ஏற்ற முறையா?” என்று அவர் ஒற்றை வரியில் திருப்பி அனுப்புவார். ஏதோ வீம்பு என்று நினைத்திருந்தேன். அன்று சாப்பாட்டுச் சீட்டின் பின்பக்கத்தில் ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்று எழுதிக் காட்டி, போனில் ஒரு தமிழ் அகராதியைத் திறந்து பக்கத்தில் வைத்தேன். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தவர், “ஒன்றாம் வகுப்பிலேயே இப்படித்தான் படிப்பீர்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். தமிழ் எழுத்து தெரியாத ஒருவர் எந்த நம்பிக்கையில் ஒப்புதல் தருவார் என்பது எனக்கும் அப்போதுதான் உறைத்தது. மடிக்கணினியை அங்கேயே திறந்தார்.

இப்படிச் சந்திப்பு ஒரு மென்பொருளின் போக்கையே திருப்பியதற்குப் பெரிய சான்று லினக்ஸ்தான். 1994-ல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் நடந்த மாநாட்டுக்கு, ‘டிஜிட்டல்’ என்ற கணினி நிறுவனத்தில் வேலை பார்த்த ஜான் ஹால், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸைப் பின்லாந்திலிருந்து வரவழைத்தார். இளைஞரின் வேலையைக் கண்ணால் கண்டவர், தன் நிறுவனத்தைப் பேசிச் சம்மதிக்கவைத்து, ஆல்ஃபா என்ற விலை உயர்ந்த 64 பிட் கணினி ஒன்றை லினஸுக்குக் கடனாகக் கொடுக்க ஏற்பாடு செய்தார். இன்டெல் சில்லை மனத்தில் வைத்து எழுதப்பட்ட லினக்ஸ், பல வகைச் சில்லுகளிலும் ஓடும்படி சீரமைந்தது அந்த வேலையின் வழியாகத்தான்.

தமிழ்நாட்டிலும் இந்த வழக்கம் புதிதல்ல. சென்னை லினக்ஸ் பயனர் குழு, மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை ஐஐடி வளாகத்தில் கூடுவதைப் பல ஆண்டுகள் வழக்கமாக வைத்திருந்தது. அந்தக் குழுவில் ஓயாமல் இயங்கியவர்களில் ஒருவர் கென்னத் கோன்சால்வஸ். வாழ்ந்தது உதகையில். மலைமேல் இருந்துகொண்டு பைத்தான் மொழியை இந்தியா முழுக்கப் பரப்பினார். 2009-ல் பெங்களூரில் தொடங்கிய பைகான் இந்தியா மாநாடு வேர்பிடிக்க உழைத்தார். 2012-ல் அவர் காலமான பிறகு, அந்த மாநாடு அவர் பெயரிலேயே ஆண்டுதோறும் ஒரு விருது வழங்குகிறது. பெருநகரத்தில் குடியிருந்தால்தான் ஆகும் என்பது பொய் என்பதற்கு அவர் ஒருவரே போதும்.

ஆனாலும் கூட்டத்துக்கு அவரும் மலையிலிருந்து இறங்கி வர வேண்டியிருந்தது. எப்போதும் சிற்றூர்க்காரர்தான் கிளம்ப வேண்டும். கோவில்பட்டியிலிருந்து சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் போக வெள்ளி ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ், திரும்ப ஒரு ராத்திரி, தட்கல் டிக்கெட், லீவு. வேலையில் இருப்பவர் சமாளிப்பார். நாலாட்டின்புதூர் நேஷனல் பொறியியல் கல்லூரிக்கு விளாத்திகுளம், கயத்தாறு, கழுகுமலைப் பக்கத்திலிருந்து வருகிற பிள்ளைக்கு? வீட்டில் மானாவாரி நிலம். புரட்டாசியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிற குடும்பம். “முகம் தெரியாத ஆளுகளப் பாக்கப் போறேன், பணம் குடுங்கப்பா” என்று கேட்க முடியுமா? இருபது வயதுப் பெண்ணுக்கு ராத்திரி ரயில் என்றால் வீட்டில் இன்னும் பத்துக் கேள்வி.

இதை மாற்றிக் காட்டிய ஊர் விழுப்புரம். அங்குள்ள குனு/லினக்ஸ் பயனர் குழு, சுற்றுவட்டக் கிராம மாணவர்களுக்கு இலவசமாகக் கணினிப் பயிற்சி தருகிறது. 2023 ஜனவரி 28, 29 தேதிகளில் தமிழ்நாட்டு மினி டெப்கான்ஃப் நடந்தது சென்னையிலோ கோவையிலோ அல்ல, அங்கேதான். வந்தவர்களில் பலர் டவுன் பஸ்ஸில் வந்து, சாயங்காலம் டவுன் பஸ்ஸிலேயே வீடு திரும்பினார்கள்.

நம் ஊருக்கு இதைவிட நல்ல பழக்கம் உண்டு. கவிஞர் தேவதச்சனின் நகைக்கடைக்கும், ‘கல்குதிரை’ இதழாசிரியர் கோணங்கியின் வீட்டுக்கும் எங்கெங்கிருந்தோ எழுத்தாளர்கள் கோவில்பட்டியைத் தேடி வந்தார்கள். பேச ஆள் இருந்ததால் வந்தார்கள். மென்பொருளுக்கும் ஆள் இல்லாமல் இல்லை. பெங்களூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இங்கேதான் இருக்கிறார்கள். பண்டிகைக்கு மறுநாள் ஒரு வகுப்பறை, போதுமான பிளக் பாயிண்ட், மதியத்துக்குத் தக்காளி சாதம்: இவ்வளவுதான் செலவு. கையொப்பமிடும் தகுதி உள்ள டெபியன் உறுப்பினர்கள் இரண்டு பேர் நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கட்டும். நாற்பது பேர் ரயில் ஏற வேண்டிய அவசியம் இருக்காது. அந்த இரண்டு டிக்கெட்டுக்கு நாம் பணம் போடுவோம்.

(அடுத்த வாரம்: சாவியைத் தொலைத்தவருக்கு என்ன கதி?)