ஆலயத்தில் சம்பளமில்லாத வேலை

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதியில் நடுத்தரமான ஒரு சபையில் சம்பளம் வாங்குகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். போதகர் இருப்பார், சபை ஊழியர் இருப்பார், ஆலயத்தைத் திறந்து பெருக்கி மணி அடிப்பவர் ஒருவர் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது, பாடகர் குழுவில் நிற்பது, கீபோர்டு வாசிப்பது, மைக் செட்டைக் கவனிப்பது, பண்டிகைக்குத் தோரணம் கட்டுவது, டிசம்பர் இரவுகளில் வீடு வீடாகப் பாடிப்போவது, அசனம் என்னும் ஊர் விருந்துக்கு வெங்காயம் உரிப்பது எல்லாமே காசு வாங்காதவர்கள் செய்பவை. அவர்களில் பெரும்பாலோர் பிளஸ் டூ முடித்துக் கல்யாணம் ஆகாத வயதில் இருப்பவர்கள்.

தமிழ்ச் சபைகளில் இன்று வேரூன்றியிருக்கும் பல அமைப்புகளைத் தொடங்கியவர்களும் இளைஞர்களே. 1833இல் பாரிஸில் ஏழைகளின் வீடு தேடிச் சென்று உதவ ஒரு குழுவைக் கூட்டிய பிரெடெரிக் ஓசானாமுக்கு அப்போது 20 வயது; கல்லூரி மாணவர். அந்தக் குழுதான் இன்று கத்தோலிக்கப் பங்குகளில் நாம் காணும் வின்சென்ட் தே பவுல் சபை. 1844இல் லண்டனில் ஒய்.எம்.சி.ஏ.வைத் தொடங்கிய ஜார்ஜ் வில்லியம்ஸ் துணிக்கடையில் வேலை பார்த்த 22 வயதுக்காரர். 1881இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் போர்ட்லண்ட் நகரப் போதகர் பிரான்சிஸ் கிளார்க் தம் சபை இளைஞர்களைக் கொண்டு ‘கிறிஸ்டியன் எண்டவர்’ சங்கத்தை ஏற்படுத்தினார்.

இம்மூன்றில் சபைக்குள் இளைஞரின் இடத்தை அதிகம் மாற்றியது கிளார்க்கின் யோசனை எனலாம். இளைஞரைக் கூட்டிவைத்துப் பெரியவர்கள் புத்தி சொல்வது எளிது. கேட்பவர்கள் சில வாரங்களில் கலைந்துபோவதும் எளிது. கிளார்க் தம் சங்கத்தில் சேர்ந்த ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு பொறுப்பை ஏற்க வேண்டும் என்றார். ஜெபக் கூட்டத்தை நடத்த ஒரு குழு, புதிதாக வருவோரை வரவேற்க ஒரு குழு, ஆலயத்தைப் பூக்களால் அலங்கரிக்க ஒரு குழு என்று வேலைகள் பிரிக்கப்பட்டன. நாற்காலியில் உட்கார்ந்து கேட்க மட்டும் யாரும் அங்கே அழைக்கப்படவில்லை. சங்கம் சில ஆண்டுகளில் பல நாடுகளுக்குப் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

தமிழ்நாட்டில் இளைஞர் பொறுப்பேற்பதன் பலனை வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் வாழ்க்கையில் பார்க்கலாம். 1874இல் வெள்ளாளன்விளையில் பிறந்த அவர், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்துவிட்டு 1895இல் ஒய்.எம்.சி.ஏ. ஊழியத்தில் சேர்ந்தார். 1902இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ் மாணவர்கள் தங்கள் காசைப் போட்டுக் கடல் கடந்து தமிழ்நாட்டுக் கரைக்கே ஊழியரை அனுப்பியிருப்பதை அறிந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் செய்வதை இவ்வளவு பெரிய திருநெல்வேலிச் சபை செய்யவில்லையே என்ற உறுத்தலோடு திரும்பியவர், மறு ஆண்டே நண்பர்களுடன் சேர்ந்து பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார். அப்போது அவருக்கு 30 வயதுகூட ஆகவில்லை. வெளிநாட்டுப் பணத்தை நம்பாமல், உள்ளூர்க் காணிக்கையில், உள்ளூர் ஆட்களாலேயே நடந்த சங்கம் அது. 1912இல் அவர் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

இன்றைய இளைஞர் சபை வேலைக்குள் நுழையும் பெரிய வாசல் விடுமுறை வேதாகமப் பள்ளி. வி.பி.எஸ். என்றால்தான் பலருக்கும் விளங்கும். 1898இல் நியூயார்க்கின் கிழக்குப் பகுதியில், கோடை விடுமுறையில் தெருவில் திரிந்த ஏழைக் குழந்தைகளைக் கூட்டி ஹாஸ் என்ற பெண்மணி பாடம் நடத்தினார். அவருக்கு வாடகைக்குக் கிடைத்த இடம் ஒரு மதுக்கூடம். அங்கு தொடங்கிய முறை இன்று தமிழ்நாட்டில் முழுஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு ஏப்ரல், மே வெயிலில் நடக்கிறது. பெரும்பாலும் 10 நாள்; காலை முதல் மதியம் வரை. வயது வாரியாக வகுப்புகள், ஆக்‌ஷன் பாட்டு, கதை, மனன வசனம், கைவேலை, நடுவில் ஜூஸும் பிஸ்கட்டும், கடைசி நாளில் ஊர்வலமும் மேடை நிகழ்ச்சியும். பாடம் எடுப்பவர்களில் பெரும்பாலோர் கல்லூரி மாணவர்கள். தெருவில் உள்ள பிற மதத்துப் பிள்ளைகளும் வருவதுண்டு.

கல்லூரியில் கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் இருக்கும் பெண், இங்கே 30 பிள்ளைகளுக்கு ‘மிஸ்’ ஆகிறாள். மூன்றாம் நாளில் யார் யாரைக் கிள்ளுகிறான், யார் காலையில் சாப்பிடாமல் வருகிறாள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும். கதை சொல்லும்போது வகுப்பு அடங்கி உட்கார்ந்தால் அது அவளுடைய வெற்றி; அடங்காவிட்டால் மறுநாளுக்கு வேறு வழி யோசிக்க வேண்டியவளும் அவளே. பொம்மலாட்டத்துக்குச் சாக்ஸில் கண் தைப்பதற்கு இரவு 11 மணிவரை விழித்திருக்கிறார்கள் என்றால், யாரும் விரட்டி அல்ல. பிற்காலத்தில் பள்ளி ஆசிரியரானவர்களில் பலருக்கு முதல் கரும்பலகை இங்கேதான் கிடைத்தது. பிரெண்ட்ஸ் மிஷனரி பிரேயர் பேண்ட் என்ற பெரிய மிஷனரி இயக்கமும் 1950களின் இறுதியில் வி.பி.எஸ். இளைஞர்களின் ஜெபக் குழுக்களிலிருந்து வளர்ந்ததுதான்.

தென் மாவட்டங்களுக்கே உரிய இன்னொரு வேலைக்களம் அசனம். ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையை ஒட்டி ஊரே கூடிச் சாப்பிடும் விருந்து அது. முந்தின நாள் சாயங்காலமே ஆலய வளாகத்தில் காய்கறி மலையாகக் குவிந்துவிடும். கத்தரிக்காய் நறுக்க ஒரு கூட்டம், தேங்காய் துருவ ஒரு கூட்டம். சமையல் பொறுப்பு அனுபவசாலிகளிடம் இருந்தாலும் விறகு தள்ளுவதும், அண்டா தூக்குவதும், தண்ணீர் சுமப்பதும் இளைஞர்கள். ஆட்டுக்கறிக் குழம்பின் வாசனையில் பாதி இரவு போகும். மறுநாள் பந்தி பந்தியாக ஆயிரக்கணக்கானோருக்குப் பரிமாறிவிட்டு, கடைசிப் பந்தியில் இவர்கள் உட்காரும்போது குழம்பில் கறி அதிகம் இருக்காது. அதைச் சொல்லிச் சிரிப்பதே வருடந்தோறும் ஒரு வழக்கம். சபைக்குள் சாதி மறைந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் ஒரே அண்டாச் சோற்றை ஒரே வரிசையில் உட்கார்ந்து உண்ணும் பழக்கத்தை அசனம் விடாமல் காத்துவருகிறது. அந்த வரிசையில் எல்லோருக்கும் குனிந்து பரிமாறிப் பழகும் பிள்ளைக்குச் சமத்துவத்தைத் தனியே பிரசங்கிக்கத் தேவையில்லை.

டிசம்பர் மாதக் கீத பவனி இன்னொரு வகை. டிரம்ஸ், கீபோர்டு, கிறிஸ்துமஸ் தாத்தாவுடன் வேனில் புறப்படும் இளைஞர்கள் நள்ளிரவு தாண்டியும் வீடு வீடாகப் பாடுவார்கள். காணிக்கையைவிட, ஆலயத்துக்கு வர முடியாமல் படுத்திருக்கும் முதியவரின் கட்டிலருகே நின்று பாடுவதையே பலரும் பெரிதாகச் சொல்கிறார்கள்.

நகரச் சபைகளில் வேலையின் முகம் வேறு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து ஆலயங்கள் பூட்டப்பட்டபோது, ஆராதனையை யூடியூபில் கொண்டுபோகத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் இளைஞர்களே. அதுவரை பின்வரிசையில் நின்றவர்களிடம் கேமராவும் ஒலிக்கலவையும் போயின. ஊரடங்கு முடிந்த பின்னும் அவை திரும்ப வாங்கப்படவில்லை. சென்னைக்கும் பெங்களூருக்கும் ஐ.டி. வேலைக்குப் போன பிள்ளைகளுக்குப் பாடகர் குழுப் பயிற்சிதான் புது ஊரில் முதல் நட்பு வட்டம்.

பேரிடர் நேரத்தில் இந்தப் பழக்கமெல்லாம் ஒன்றுசேரும். 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள், கிறிஸ்துமஸுக்கு மறுநாள். விடுமுறைக்கு ஊர் வந்திருந்த இளைஞர்கள் வீட்டில் இருந்த நேரம். கடலோரத்தில் தேவாலயங்களும் பள்ளிகளும் முகாம்களாயின. ஆயிரம் பேருக்குச் சமைப்பது எப்படி என்று அசனத்தில் பழகியவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சபையில் அண்டாவும் உண்டு.

இத்தனை உழைப்பில் சந்தோஷம் எங்கிருந்து வருகிறது? விசுவாசி இதைக் கடவுளுக்குச் செய்வதாகவே நினைக்கிறார். கொடுப்பதே பெரிய பாக்கியம் என்று சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர் அவர். அதோடு உலகியல் காரணங்களும் உண்டு. படிப்பின் பலன் தெரியப் பல ஆண்டு ஆகும். பந்தியில் பரிமாறினால் பலன் அந்த நிமிடமே இலையில் தெரியும். மதிப்பெண் இல்லை, போட்டி இல்லை. வயது வித்தியாசம் பாராத நட்பு கிடைக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நான் வராவிட்டால் இந்த வேலை நின்றுபோகும் என்ற நினைப்பு இளம் வயதில் வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

அந்த நினைப்பைச் சபைகள் சுரண்டுவதும் உண்டு. ஞாயிறு நடக்கும் ஓய்வுநாள் பள்ளி, பாடகர் குழு, அசனம் எல்லாவற்றுக்கும் அதே ஐந்தாறு பேரைக் கூப்பிட்டு, தேர்வு நேரத்திலும் விடாமல் வேலை வாங்கினால் ஒரு நாள் அவர்கள் சொல்லாமல் நின்றுவிடுவார்கள். நாற்காலி தூக்கக் கூப்பிடும் கமிட்டி, கணக்குப் பார்க்கும்போது அவர்களைக் கூப்பிடுவதில்லை. சபைத் தேர்தல் சண்டைகளில் கொடி பிடிக்க மட்டும் இளைஞரைத் தேடும் பெரியவர்களும் இருக்கிறார்கள். இளைஞரை விரட்ட அதைவிட வேறு வழி வேண்டாம். இரவு நிகழ்ச்சிகளுக்குப் பெண் பிள்ளைகள் பத்திரமாக வீடு திரும்ப ஏற்பாடு செய்வதும், குழந்தைகளோடு பழகும் தொண்டர்களுக்கு முறையான பயிற்சியும் மேற்பார்வையும் தருவதும் சபையின் கடமை. இவை சரியாக நடக்கும் இடத்தில்தான் பெற்றோர் தயங்காமல் பிள்ளைகளை அனுப்புகிறார்கள்.

வி.பி.எஸ்.ஸுக்கான ஆசிரியர் பயிற்சி பள்ளி விடுமுறைக்கு முன்பே தொடங்கிவிடும். சேர விரும்புகிறவர்கள் போதகரிடமோ ஓய்வுநாள் பள்ளிப் பொறுப்பாளரிடமோ பெயர் கொடுக்கலாம். மேடை ஏறக் கூச்சப்படுகிறவர்களும் தயங்க வேண்டாம். பெயர்ப் பட்டியல் எழுதவும் ஜூஸ் கலக்கவும் செருப்புகளை வரிசைப்படுத்தி வைக்கவும் ஆள் தேவை.