அந்தக் கால டி.வி.யில் ஒரு நாள்

இன்று இரவும் பகலும் டி.வி. ஓடுகிறது. அன்று அப்படி இல்லை.

இந்தியாவில் டி.வி. 1959 செப்டம்பர் 15-இல் டெல்லியில் தொடங்கியது. சென்னைக்கு 1975 ஆகஸ்ட் 15-இல் வந்தது. கறுப்பு வெள்ளைப் படம். மாலையில்தான் நிகழ்ச்சி. உழவர்களுக்கு ‘வயலும் வாழ்வும்’. பிறகு செய்தி. வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’. சினிமாப் பாட்டுப் பார்க்க, டி.வி. உள்ள வீட்டில் தெருவே கூடும்.

திடீரென்று படம் நின்றுவிடும். ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று எழுத்து வரும். படிக்கத் தெரியாதவருக்கும் அதன் பொருள் தெரியும்!

1982 முதல் இரவில் டெல்லி நிகழ்ச்சி வந்தது. இந்தியும் ஆங்கிலமும். பலர் தூங்கப் போனார்கள். 1987-இல் ஞாயிறு காலையில் வந்த ‘ராமாயணம்’ மட்டும் வேறு. அதுவும் இந்திதான். ஆனால் கதை நமக்குத் தெரியுமே!

நம் பக்கம் எப்படி? டி.வி. அலை நேராகப் போகும். மலை குறுக்கே நின்றால் படம் வராது. பாலக்காட்டுக் கணவாய் திறந்த வெளி. இடுக்கி மலைப் பள்ளங்களில்தான் பெரும்பாடு. ஏரியலை மூங்கிலில் கட்டி ஒருவர் திருப்புவார். “வருதா?” என்பார். “இன்னும் கொஞ்சம் திருப்பு அண்ணே!” என்று வீட்டுக்குள்ளிருந்து குரல் வரும்.

1985-இல் திருவனந்தபுரத்தில் மலையாள நிகழ்ச்சிகள் தொடங்கின. பிள்ளைகள் பள்ளியில் படித்த மொழி அது. பெரியவர்களுக்குத் தமிழ் வேண்டும். கொடைக்கானல் மலையில் ஒளிபரப்பு நிலையம் வந்தது. மலை மறைக்காத இடங்களில் ஏரியலை அந்தப் பக்கம் திருப்பினார்கள். சென்னை நிகழ்ச்சி கிடைத்தது.