ராக்கெட்டுக்கும் குளிரும் பாஸ்!

பொன்னேரியிலிருந்து திருப்பாலைவனம் வழியா பழவேற்காடு பக்கம் பைக்கில் போயிருக்கீங்களா? வெயில் மண்டையைப் பிளக்கும். அங்கே குளிர்னா, மீன் பெட்டிக்குள்ள உடைச்சுப் போடுற ஐஸ்தான். ஆனா அதே ஏரியை ஒட்டின ஸ்ரீஹரிகோட்டாவில் மைனஸ் 253 டிகிரி குளிரை டேங்க்கில் அடைச்சு வானத்துக்கு அனுப்பறாங்க. ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் மேல் அடுக்கில் இருக்கும் திரவ ஹைட்ரஜன்தான் அது. துணைக்குத் திரவ ஆக்சிஜன், மைனஸ் 183.

இந்தக் குளிரில் சாதாரண இரும்பு கண்ணாடி மாதிரி நொறுங்கும். கிரீஸ் கல்லாயிடும். ரப்பர், ரப்பராவே இருக்காது. அலுமினியம் உடையாது, சுருங்கும். ஒரு மீட்டருக்கு சுமார் 4 மில்லிமீட்டர். 'இவ்வளவுதானா?'ன்னு கேட்காதீங்க. நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கில் சுத்துற பம்ப்புக்குள்ள ஒரு பாகம் அதிகமா, இன்னொண்ணு குறைவா சுருங்கினா கதை கந்தல்.

கந்தலாச்சு. 2010 ஏப்ரல் 15, ஜி.எஸ்.எல்.வி. டி-3. நம்ம நாட்டு கிரையோஜெனிக் இன்ஜினின் முதல் பயணம். எரிபொருள் பூஸ்டர் பம்ப் நிமிஷத்துக்கு 34,800 சுற்று வரைக்கும் போச்சு. இன்ஜின் கிளம்பி 0.9 விநாடியில் வேகம் இறங்க ஆரம்பிச்சு, அடுத்த 0.6 விநாடியில் நின்னேபோச்சு. பம்ப் உள்ளே இறுகியிருக்கணும், இல்லேன்னா டர்பைன் உறை வெடிச்சிருக்கணும்னு விசாரணையில் சொன்னாங்க. குளிரில் சுருங்குறதையும் கணக்கில் வெச்சு பம்ப்பை மாத்தினாங்க. நெல்லைச் சீமை மகேந்திரகிரியில் சோதனை மேல சோதனை. 2014 ஜனவரி 5, டி-5 ஜெயிச்சது.

அத்தோட முடிஞ்சதா? 2021 ஆகஸ்ட் 12-ல் எஃப்-10. இந்தத் தடவை வில்லன் ஒரு வால்வு. ஹைட்ரஜன் டேங்க்கின் வால்வு கசிஞ்சு அழுத்தம் குறைய, இன்ஜின் பத்திக்கவே இல்லை. வால்வுக்குள்ள இருந்த மென்மையான சீல் சேதமாகியிருக்கலாம்னு முடிவு சொன்னாங்க. நம்ம வீட்டுக் குழாய் வாஷருக்கு சொந்தக்காரன்! இ.ஓ.எஸ்-03 செயற்கைக்கோள் போயே போச்சு.

சீல் சமாச்சாரம் உலகப் பிரச்னை. 1986 ஜனவரி 28-ல் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலத்தில் 7 பேர் இறந்ததுக்குக் காரணம், குளிரில் விறைச்சுப்போன ரப்பர் வளையம். அதை நிரூபிக்க விஞ்ஞானி ரிச்சர்ட் ஃபெய்ன்மன் பெரிய லேப் எதுவும் தேடலை. ஒரு டம்ளர் ஐஸ் தண்ணியில் வளையத்துண்டைப் போட்டுக் காட்டினார், அவ்வளவுதான். அதாவது, நம்ம மீன் பெட்டிக் குளிரே போதும்!

ஏவுற நாளில் பழவேற்காடு மீனவர்களைக் கடலுக்குப் போகவேண்டாம்னு சொல்லிடுவாங்க. தேதி தள்ளிப்போனா, பொழைப்பு போறது இன்னொரு நாள். ஒரு பம்ப்போ, வால்வோ மக்கர் பண்ணினா இந்தக் குப்பங்கள் வரைக்கும் இடிக்கும். செய்திகளில் இது ரெண்டு வரிக்கு மேல வர்றதில்லை.

2025 ஜனவரி 29, ஸ்ரீஹரிகோட்டாவின் 100-வது ஏவுதல், ஜி.எஸ்.எல்.வி. எஃப்-15. கிரையோ அடுக்கு சமர்த்தா வேலை செஞ்சது. நீங்க கரையில் நின்னு பார்க்கப் போனா ஒண்ணு கவனிங்க: கிளம்பி ஏறக்குறைய 5 நிமிஷம் கழிச்சுத்தான் கிரையோ இன்ஜின் பத்திக்கும். அதுக்குள்ள கூட்டம் கைதட்டி முடிச்சு பைக்கை ஸ்டார்ட் பண்ணியிருக்கும்.