புது வண்டியில் எலக்ட்ரிக்கல் மக்கர்: கம்பெனி கோளாறா, ஓட்டுபவர் தப்பா?

வண்டி எடுத்து மூணு மாசம்கூட ஆகலை. சிக்னலில் நின்று கிளம்பும்போது திக்குகிறது. சில நாள் காலையில் ஸ்டார்ட்டே ஆவதில்லை. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால் அங்கே மட்டும் சமத்தாக ஓடுகிறது. "நல்லாத்தானே இருக்கு சார்... எக்ஸ்ட்ரா லைட் ஏதாவது போட்டீங்களா?" என்று கேள்வி நம் பக்கமே திரும்புகிறது.

எலக்ட்ரிக்கல் கோளாறின் குணமே இதுதான். செயின் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும், ஆயில் கசிந்தால் தரையில் சொட்டும். வயருக்குள் இருக்கும் பழுது வண்டி சூடானால் வரும், ஆறினால் போய்விடும். அதனால் பழி பெரும்பாலும் வண்டிக்காரர் தலையில்தான் விழுகிறது. ஆனால் தப்பு ஃபேக்டரிக்கு வந்த பார்ட்ஸிலேயே இருக்கலாம். அதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். கொடுங்கையூருக்குப் பக்கத்தில், திருவொற்றியூரில் புல்லட் தயாரித்து வளர்ந்த கம்பெனியின் கதையே இருக்கிறது.

2,36,966 பைக்குகள், ஒரே ஒரு காயில்

2021 மே மாதம் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் கிளாசிக், புல்லட், மீட்டியோர் மாடல்களில் 2,36,966 பைக்குகளைத் திரும்ப அழைத்தது. எல்லாமே 2020 டிசம்பருக்கும் 2021 ஏப்ரலுக்கும் இடையில் தயாரானவை. அதாவது, அரை வருஷம்கூட ஓடாத வண்டிகள். காரணம், இக்னிஷன் காயில். மிஸ்ஃபயர் ஆகலாம், வண்டியின் இழுவை குறையலாம், அபூர்வமாக ஷார்ட் சர்க்யூட்கூட ஆகலாம் என்று கம்பெனியே சொன்னது.

பேட்டரி தருவது வெறும் 12 வோல்ட். ஸ்பார்க் பிளக்கில் பொறி பறக்க ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டும். அதை ஏற்றிக் கொடுப்பதுதான் காயிலின் வேலை. உள்ளே மெல்லிய செப்புக் கம்பி பல்லாயிரம் சுற்று சுற்றியிருக்கும். பொதுவாக, சுற்றுகளுக்கு நடுவே இருக்கும் இன்சுலேஷன் எங்காவது பலவீனமானால், இன்ஜின் சூட்டில் கரண்ட் குறுக்கே பாய்ந்துவிடும். வண்டி திக்கும். நிறுத்தி டீ குடித்துவிட்டு வந்தால் சரியாகியிருக்கும்! "அப்பப்போ மட்டும் வருது" என்று நீங்கள் சொல்வதை மெக்கானிக் நம்பாமல் பார்ப்பது இதனால்தான்.

வெளி சப்ளையரிடம் அந்த மாதங்களில் வாங்கிய சில பேட்ச்களில்தான் குறை, உள் சோதனையில் தெரியவந்தது, 10 சதவீதத்துக்கும் குறைவான வண்டிகளுக்கே பார்ட் மாற்ற வேண்டியிருக்கும் என்றது நிறுவனம். தானே முன்வந்து சொன்னது நல்ல விஷயம்தான். ஆனால் அறிவிப்பு வருவதற்கு முன்பே, பிப்ரவரியிலோ மார்ச்சிலோ வண்டி திக்கியிருந்தால்? அந்த உரிமையாளர் கையில் எதைக் காட்டி நிரூபித்திருப்பார்?

கார்களிலும் இதே கதை உண்டு. 2023 ஆகஸ்டில் மகிந்திரா 1,08,306 எக்ஸ்யூவி700 கார்களைச் சோதனைக்கு அழைத்தது. இன்ஜின் பகுதியில் வயரிங் உரசி அறுபடும் அபாயம் இருந்தது. பட்டியலில் இருந்த கடைசி கார்கள் அந்த ஜூன் 28 வரை தயாரானவை, அதாவது இரண்டு மாத வயசுகூட ஆகாதவை. அதற்கு முந்தைய வருஷம், 2022 மார்ச்சில், மாத்தூர் பக்கம் மஞ்சம்பாக்கத்தில் ஒரு ப்யூர் ஈவி ஸ்கூட்டர் ரோட்டோரத்தில் எரிந்த வீடியோ பரவியது நினைவிருக்கலாம். அடுத்த மாதமே அந்த நிறுவனம் 2,000 ஸ்கூட்டர்களைத் திரும்ப அழைத்தது. மின்வாகன பேட்டரிகளுக்கான பாதுகாப்பு விதிகள் இறுக்கப்பட்டதும் அந்த வருஷ விபத்துகளுக்குப் பிறகுதான்.

ஜாப் கார்டு இல்லாமல் வராதீங்க

வண்டியில் குறை இருந்தால் திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவில் அரசுக்கு உண்டு. 2019 திருத்தத்தில் வந்தது அது. ரீகால் வேலைக்கு உங்களிடம் காசு வாங்கக் கூடாது. உங்கள் வண்டி பட்டியலில் இருக்கிறதா என்று கம்பெனி இணையதளத்தில் சேசிஸ் நம்பரைப் போட்டுப் பார்க்கலாம்.

ரீகால் இல்லாத கோளாறுக்குத்தான் போராட்டம். அங்கே உங்கள் ஒரே ஆயுதம் ஜாப் கார்டு. "ஜெனரல் செக்கப்" என்று எழுதவிடாதீர்கள். "சூடானதும் ஆஃப் ஆகிறது, இது மூன்றாவது முறை" என்று தேதி, கிலோமீட்டரோடு எழுதச் சொல்லுங்கள். கோளாறு வரும் நேரத்தில் மீட்டர் தெரிகிற மாதிரி வீடியோ எடுத்து வையுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் பேட்டரியையும் பார்க்கலாம்: இன்ஜின் ஆஃபில் சுமார் 12.6 வோல்ட், ஓடும்போது 13.5-லிருந்து 14.5. ஓடும்போதும் 12-லேயே நின்றால் பேட்டரி மேல் தப்பில்லை, சார்ஜிங்கில்தான் பிரச்சனை.

சர்வீஸ் சென்டர் கேட்கும் அந்த எக்ஸ்ட்ரா லைட் கேள்வியில் நியாயமே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஃபாக் லைட், யுஎஸ்பி சார்ஜர், அலாரம் என்று வயரை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றிய இடத்தில்தான் பல கோளாறுகள் ஆரம்பிக்கின்றன. வாரண்டியை மறுக்க அந்த ஒரு டேப் போதும். கப்ளரில் மாட்டும் கம்பெனி ஆக்சஸரி விலை கூடத்தான், ஆனால் வாரண்டி காலம் முடியும்வரை அதுதான் லாபம்.

மழை நீர் விஷயம் வேறு. கொடுங்கையூர் தெருக்களில் தண்ணீர் நின்றால் கப்ளர்களுக்குள் புகுந்து, சில வாரம் கழித்துப் பச்சை பூத்து மக்கர் பண்ணும். இது வாரண்டியில் வராது, இன்சூரன்ஸில்தான் வரும். அதிலும் ஒரு சிக்கல்: புது டூவீலருக்கு 5 வருஷ தேர்டு பார்ட்டி கட்டாயம். சொந்த வண்டி சேதத்துக்கான கவர் பெரும்பாலும் முதல் வருஷத்தோடு முடிந்துவிடும். பாலிசியை எடுத்து ஒருமுறை பாருங்கள்.

எதுவும் நடக்கவில்லை என்றால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி, ஷோரூம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வண்டிக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சனை எழுந்த 2 வருஷத்துக்குள் போட வேண்டும். "தயாரிப்புக் குறை" என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் அங்கே எடுபடாது, நிபுணர் அறிக்கை கேட்பார்கள். ஆய்வகச் சோதனைக்கு அனுப்பச் சட்டத்தின் 38-வது பிரிவில் வழி இருக்கிறது. புகார் மனுவிலேயே அதைக் கேட்டுவிடுங்கள். அதுவரை வெளி மெக்கானிக் யாரையும் வயரிங்கில் கை வைக்க விடாதீர்கள்.