பெயர்ப்பலகையும் வாசலும்



அண்ணனின் படம் எனக்குப் பின்னால் இருக்கிறது. அவரைப் பற்றிக் காலையிலிருந்து நீங்களே நிறையப் பேசிவிட்டீர்கள். நான் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுத் தலைப்புக்குள் போகிறேன். நாங்கள் முதுகலை படித்த காலத்தில் ஏப்ரல் 14 அன்று கூட்டம் நடத்துவதற்காக, எங்கள் பல்கலைக்கழகத்தில் அரங்கம் கேட்டு விண்ணப்பம் எழுதியவர் அவர்தான். அந்தப் படிவத்தில் 'நிகழ்ச்சியின் தன்மை' என்று ஒரு கட்டம் உண்டு. அண்ணன் 'கல்வி சார்ந்தது' என்று எழுதிக் கொடுத்தார். மூன்று மேசை தாண்டிப் போன தாள் நான்காவது மேசையிலிருந்து திரும்பி வந்தபோது, அந்தச் சொற்கள் அடிக்கப்பட்டு 'சாதி சார்ந்தது' என்று சிவப்பு மையில் எழுதப்பட்டிருந்தது. அதற்கு முந்தின மாதம்தான் அதே அரங்கத்தில் ஒரு மடாதிபதியின் சொற்பொழிவு நடந்திருந்தது. அந்தப் படிவத்தில் அதே கட்டத்துக்குள் என்ன எழுதியிருந்தது என்று அண்ணன் கேட்டார். பதில் வரவில்லை. கூட்டத்தை விடுதிக்கு வெளியே வேப்பமரத்தடியில் நடத்தினோம்.

ஒரு பல்கலைக்கழகத்துக்குள் யார் கூடலாம், எந்தப் பெயரில் கூடலாம், அதை யார் தீர்மானிப்பது? இதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன். கருத்தளவில் பேசினால் காற்றில் போய்விடும் என்பதால், ஒரே ஒரு வளாகத்தை எடுத்துக்கொள்கிறேன். மகாராஷ்டிரத்தில் மராத்வாடா பகுதியில் இருக்கிற அவுரங்காபாத் வளாகம் அது. அந்த ஊரின் பெயர் 2023இல் சத்ரபதி சம்பாஜிநகர் என்று மாற்றப்பட்டுவிட்டது. நான் சொல்லப்போகும் கதை நடந்தபோது அது அவுரங்காபாத்தான்.

மராத்வாடா நிஜாமின் ஆட்சியில் இருந்த பகுதி. அங்கே ஒரு பிள்ளை பட்டம் வாங்க வேண்டுமென்றால் அதற்குரிய பல்கலைக்கழகம் தொலைவில் ஐதராபாத்தில் இருந்த உஸ்மானியா. சேரிப் பிள்ளைக்கு அந்தத் தொலைவு எவ்வளவு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நிலத்தில்தான் பாபாசாகேப் அம்பேத்கர் 1950இல் ஒரு கல்லூரியைத் தொடங்கினார். 1945இல் அவர் நிறுவிய மக்கள் கல்விக் கழகம் முதலில் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியது; இரண்டாவதாக இங்கே வந்தது. இதற்கு அவர் வைத்த பெயர் மிலிந்த். வளாகத்தின் பெயர் நாகசேனவனம்.

பெயர்களைக் கவனியுங்கள். மிலிந்தன் கிரேக்க வம்சத்து அரசன். மெனாண்டர் என்று வரலாற்றில் வருகிறவன். நாகசேனர் பௌத்தத் துறவி. அரசன் கேள்வி கேட்க, துறவி பதில் சொல்வதாக அமைந்த பாலி நூல் மிலிந்த பன்ஹா. அதில் எனக்குப் பிடித்த இடம் தொடக்கத்தில் வருகிறது. விவாதிக்கலாமா என்று அரசன் கேட்கிறான். அறிஞரைப் போல விவாதிப்பதானால் வருகிறேன், அரசரைப் போல என்றால் வரமாட்டேன் என்கிற பொருளில் துறவி பதில் சொல்கிறார். அதென்ன வேறுபாடு என்று அரசன் கேட்கிறான். அறிஞர்கள் பேசும்போது ஒருவர் வாதம் உடைபடும், பிழை சுட்டப்படும், யாரும் கோபப்படமாட்டார்கள். அரசர்கள் தாங்கள் சொன்னதை மறுப்பவனுக்குத் தண்டனை கொடுப்பார்கள். ஒரு கல்லூரிக்கு அந்த அரசனின் பெயரையும், அது நிற்கிற மண்ணுக்கு அந்தத் துறவியின் பெயரையும் வைத்தவர், வகுப்பறைகளை மட்டும் மனத்தில் வைத்திருந்தார் என்று நான் நம்பவில்லை.

வகுப்பறைக்கு வெளியே அந்த வளாகத்தில் நிறைய நடந்தது. கல்லூரி முதல்வராக இருந்த எம்.பி. சிட்னிஸ் 'யுகயாத்ரா' என்றொரு நாடகம் எழுதினார். பாபாசாகேப் உயிரோடிருந்தபோதே அவர் முன் அது மேடையேறியது. மராத்தி தலித் நாடகத்தின் வரலாற்றை அங்கிருந்து தொடங்குகிறவர்கள் உண்டு. அதே கல்லூரியில் ஆசிரியராக இருந்து, பிறகு பல்கலைக்கழக மராத்தித் துறைக்குப் போன கங்காதர் பாந்தாவணே 1960களின் இறுதியில் 'அஸ்மிதாதர்ஷ்' இதழைத் தொடங்கினார். பம்பாயில் தலித் பேந்தர்கள் அமைப்பு தோன்றியது 1972இல். அதாவது, பம்பாயின் தெருக்கவிதை நமக்குத் தெரிய வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, ஒரு பின்தங்கிய பகுதியின் கல்லூரி ஊரிலிருந்து தலித் இலக்கிய இதழ் வந்துகொண்டிருந்தது. இதழ் சார்பில் எழுத்தாளர்களும் வாசகர்களும் ஆண்டுதோறும் கூடினார்கள். முதல் கதையை எழுதிய கிராமத்துப் பள்ளி ஆசிரியர் தன் கதையைப் படித்தவரை நேரில் பார்ப்பது அந்தக் கூட்டத்தில்தான். நம்மிடையே மராத்தி தலித் இலக்கியம் என்றால் தன்வரலாறுகளை மட்டும் நினைக்கிறோம். அவற்றுக்குப் பின்னால் தபாலில் போன இதழும் வருடாந்தரக் கூட்டமும் இருந்தன என்பதை மறந்துவிடுகிறோம்.

அந்த ஊருக்கே ஒரு பல்கலைக்கழகம் 1958 ஆகஸ்ட் 23 அன்று வந்தது. நேரு தொடங்கிவைத்தார். பெயர் மராத்வாடா பல்கலைக்கழகம்.

இனி வருவது உங்களில் பலருக்கு ஓரளவு தெரிந்த கதை. அந்தப் பகுதியின் உயர்கல்விக்கு அடித்தளமிட்டவரின் பெயரைப் பல்கலைக்கழகத்துக்கு வைக்க வேண்டும் என்று தலித் மாணவர்கள் கேட்டார்கள். 1978 ஜூலை 27 அன்று மகாராஷ்டிரச் சட்டமன்றத்தின் இரு அவைகளும் அதற்குத் தீர்மானம் நிறைவேற்றின. சரத் பவார் முதலமைச்சராகி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. அன்றே வன்முறை தொடங்கியது. நகரத்து மாணவர் போராட்டமாகத் தொடங்கியது கிராமங்களுக்குப் பரவியது. குடிசைகள் எரிக்கப்பட்டன. கிணறுகள் பாழாக்கப்பட்டன. பாதிக்கப்பட்ட கிராமங்கள் சுமார் 1,200 என்று சொல்லப்படுகிறது. நாந்தேடு மாவட்டத்தில் தெம்புர்ணி என்ற ஊரில் போச்சிராம் காம்ப்ளே கொல்லப்பட்டார்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். நகரத்தில் ஒரு பெயர்ப்பலகை மாறப்போகிறது. அந்தப் பலகையை வாழ்நாளில் பார்த்திராத கிராமத்தில் எதற்காக வீடு எரிகிறது?

எதிர்த்தவர்கள் பகுதிப் பெருமையைச் சொன்னார்கள். மராத்வாடா என்ற பெயர் போய்விடும் என்றார்கள். அதைச் சொன்னவர்களில் நிஜாமை எதிர்த்துப் போராடிய கோவிந்த்பாய் ஷ்ராஃப் போன்றவரும் இருந்தார் என்பதால், இதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. 1974இல்தான் அந்தப் பகுதியின் வளர்ச்சிக்காக மாணவர்கள் பெரிய போராட்டம் நடத்தியிருந்தார்கள். வேலை இல்லை, தொழில் இல்லை என்ற கோபம் உண்மையானது. ஆனால் அந்தக் கோபம் யார் வீட்டுக்குப் போனது என்று பாருங்கள். ஊர்த்தொழிலைச் செய்யமாட்டேன் என்றவர், பிள்ளையைப் படிக்கவைத்தவர், தரிசு நிலத்தில் ஏர் பூட்டியவர், ஜெய்பீம் என்று உரக்கச் சொன்னவர் ஆகியோரின் வீடுகளைத்தான் தேடிப் போனது. பட்டச் சான்றிதழின் தலைப்பில் அம்பேத்கரின் பெயர் இருந்தால், பட்டம் வாங்குகிற ஒவ்வொரு சாதி இந்துவும் அந்தப் பெயரை வாழ்நாள் முழுதும் நேர்காணலுக்கு எடுத்துப்போக வேண்டும். வீட்டில் சட்டம் போட்டு மாட்ட வேண்டும். தன் வீட்டு வாசல்படி ஏறக் கூடாதவர் தன் சுவரில் ஏறிவிடுவார். பெருமை பற்றிய வாதத்துக்கு அடியில் இருந்த நெருப்பு இதுதான் என்பது என் கருத்து.

தீர்மானம் கிடப்பில் போடப்பட்டது. 1979இல் ஜோகேந்திர கவாடே தலைமையில் நாக்பூரிலிருந்து அவுரங்காபாத்தை நோக்கி நெடும்பயணம் புறப்பட்டது. கைதுகள், தடியடிகள், சிறைகள். 1993 நவம்பரில் நாந்தேட்டில் கௌதம் வாக்மாரே தீக்குளித்து இறந்தார். 1994 ஜனவரி 14 அன்று பெயர் வந்தது. அப்போதும் முதலமைச்சர் சரத் பவார்தான். ஒரு தீர்மானம் பலகையாக மாற 16 ஆண்டு.

வந்த பெயர் 'டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர் மராத்வாடா பல்கலைக்கழகம்'. மராத்தியில் இதற்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. போராடியவர்கள் கேட்டது நாமாந்தர், பெயர் மாற்றம். அரசு கொடுத்தது நாம்விஸ்தார், பெயர் நீட்டிப்பு. பழைய பெயரும் இருக்கும், புதிய பெயரும் இருக்கும். அதே ஆண்டில் நாந்தேட்டைத் தலைநகராகக் கொண்டு இன்னொரு பல்கலைக்கழகம் பிரிக்கப்பட்டது. அதற்கு சுவாமி ராமானந்த தீர்த்தரின் பெயர் வைக்கப்பட்டது. இது வெற்றியா சமரசமா என்று அங்கே இன்றும் வாதிடுகிறார்கள். சமரசம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்தால், அந்தச் சமரசத்தை மக்கள் தங்கள் வழியில் வேறொன்றாக மாற்றிக்கொண்டார்கள் என்றும் சொல்ல வேண்டும்.

ஜனவரி 14 நமக்குப் பொங்கலை ஒட்டிய நாள். அந்த நாளில் அந்தப் பல்கலைக்கழக வாசலுக்கு ஆயிரக்கணக்கானவர்கள் வருகிறார்கள். பெரும்பாலானோர் அங்கே படித்தவர்கள் அல்லர். பட்டமளிப்பு விழாவுக்கு அவர்களை யாரும் அழைத்ததில்லை. நீலக்கொடியோடு, பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். வாசலின் முன் நிற்கிறார்கள், படமெடுத்துக்கொள்கிறார்கள். அந்த வாசலின் உருவம் பதாகைகளிலும் சுவரொட்டிகளிலும் ஒரு சின்னமாகவே ஆகிவிட்டது. சாலையோரம் புத்தகக் கடைகள். பீம கீதம் பாடும் குழுக்கள். குடியரசுக் கட்சியின் பிரிவுகள் ஆளுக்கொரு மேடை போட்டு, ஒருவர் பேசுவது இன்னொருவர் ஒலிபெருக்கியில் அமுங்கிப்போகும்படி ஒரே விஷயத்தைப் பேசுகிறார்கள். இது சிரிக்க வேண்டிய விஷயமா அழ வேண்டிய விஷயமா தெரியவில்லை; நமக்கும் இது புதிதல்ல. உள்ளே பல்கலைக்கழகமும் தன் பங்குக்கு அந்த நாளை விழாவாக எடுக்கிறது. துணைவேந்தர் மாலை போடுகிறார். அரங்கத்துக்குள் நடப்பது நிகழ்ச்சி நிரல்படி நடந்து முடிந்துவிடும். வாசலில் நடப்பதற்கு நிரல் கிடையாது, எந்த மேசையின் கையெழுத்தும் தேவையில்லை.

உள்ளே நடப்பதும் வேண்டும், வாசலில் நடப்பதும் வேண்டும். மாணவர்கள் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதால் சொல்கிறேன். உள்ளே அரங்கம் கேட்பது நம் உரிமை; அதை விட்டுவிட்டு வெளியே போய்விட்டால், உள்ளே இருப்பவர்களுக்கு அதைவிட வசதி வேறில்லை. 2015இல் சென்னை ஐஐடியில் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரம் ரத்தானதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பெயரில்லாத ஒரு புகார்க் கடிதம் தில்லி அமைச்சகம்வரை போய்த் திரும்பி வந்தது. மே மாதம் ரத்து; நாடெங்கும் கேள்வி எழுந்த பிறகு ஜூனில் அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. ஒரு வாசகர் வட்டத்துக்கு அங்கீகாரம் என்றால் என்ன? அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டலாம், அரங்கம் கேட்கலாம், நிறுவனத்தின் பெயரைத் தன் பெயரோடு போட்டுக்கொள்ளலாம். அவ்வளவுதான். அதைப் பறிக்க அமைச்சகம்வரை போனார்கள் என்பதிலிருந்து, அந்த 'அவ்வளவுதான்' எவ்வளவு என்று நாம் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அதற்கு அடுத்த ஆண்டு, 2016 ஜனவரி. ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஐந்து தலித் ஆய்வு மாணவர்கள் வளாகத்துக்குள்ளேயே திறந்தவெளியில் தலைவர்களின் படங்களை வைத்து ஓர் இடத்தை அமைத்தார்கள். அதற்கு வெலிவாடா என்று பெயரிட்டார்கள். தெலுங்கில் ஊரிலிருந்து ஒதுக்கிவைக்கப்பட்ட குடியிருப்பு என்று பொருள். நம் சொல்லில் சேரி. ஊரும் சேரியும் பல்கலைக்கழகத்துக்குள்ளும் இருக்கின்றன என்பதை ஒரு கட்டுரையும் எழுதாமல் சொல்லிவிட்டார்கள். அந்த ஐவரில் ஒருவரான ரோகித் வெமுலா ஜனவரி 17 அன்று இறந்தார். அதன்பின் அந்த இடத்தில் நாடெங்கிலுமிருந்து வந்தவர்கள் பேசினார்கள். அரங்கம் மறுக்கப்பட்டவர்கள் உட்கார்ந்த இடமே நாட்டின் அரங்கமானது. ஆனால் அதற்குக் கொடுத்த விலையை மறந்துவிட்டு அதைப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை.

இங்கே இருக்கிற மாணவர்களிடம் ஒரு வேலையைக் கேட்கிறேன். அவுரங்காபாத்தில் ஒரு நினைவு 16 ஆண்டு தாங்கியதற்குக் கூட்டங்கள் மட்டும் காரணமில்லை. கூட்டங்கள் அச்சில் ஏறின. இதழ்களில், துண்டறிக்கைகளில், 1979இல் வெளிவந்த உண்மையறியும் அறிக்கைகளில் அவை இருக்கின்றன. நம் வளாகங்களில் நடந்த கூட்டங்களுக்கு என்ன இருக்கிறது? அரங்கம் மறுக்கப்பட்ட விண்ணப்பங்களின் நகல்களை யாராவது வைத்திருக்கிறோமா? மறுப்பை எழுத்தில் கேளுங்கள். தேதியோடு வாங்குங்கள். தரமாட்டேன் என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கூட்டம் எங்கே நடந்தாலும் வந்தவர்கள் பெயரையும் பேசியதன் சுருக்கத்தையும் எழுதி வையுங்கள்.

அண்ணன் அப்படி எழுதி வைத்தவர். வேப்பமரத்தடிக் கூட்டத்தின் குறிப்பேடு, நாற்பது பக்க நோட்டு, இன்னும் அவர் வீட்டில் இருக்கிறது. போன மாதம் அண்ணி எடுத்துக் காட்டினார். முதல் பக்கத்தில் அந்த விண்ணப்பத்தின் நகலை ஒட்டியிருக்கிறார். சிவப்பு மை மங்கிவிட்டது, ஆனால் படிக்க முடிகிறது. அடுத்த பக்கத்தில் கையெழுத்துகள். அதில் என் பெயரை நானே எழுத்துப்பிழையோடு எழுதியிருக்கிறேன். இந்த ஆண்டுக்குள் அதை அச்சிடலாம் என்று மன்றத்துத் தோழர்களிடம் கேட்டிருக்கிறேன். பிழையோடுதான்.